எட்டு ஏட்டுச் சுவடி

2009 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களின் தொடக்கத்தில், புனே நகரத்துப் பள்ளி மாணவி ஒருத்தி புதுவகைக் காய்ச்சல் ஒன்றால் உயிரிழந்தாள். நம் நாட்டில் அந்நோய்க்கு இரையான முதல் உயிர் அது. செய்தித்தாள்கள் அந்நோயைப் ‘பன்றிக் காய்ச்சல்’ என்று கொட்டை எழுத்தில் வெளியிட்டன. புனே நகருக்கும் எங்கள் கூடங்குளத்துக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. அப்போது எங்கள் ஊரில் அந்நோயுற்றார் ஒருவரும் இலர். ஆயினும் அச்சம் மட்டும் இரண்டே நாளில் வந்து சேர்ந்துவிட்டது.

அந்நாளில் நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். ஊரின் மேற்கே, உடைமரங்கள் அடர்ந்த புறம்போக்கு நிலத்தின் ஓரத்தில், ஒரு குடும்பத்தார் பன்றி வளர்த்து வாழ்ந்து வந்தனர். அவ்வீட்டுச் சிறுவன் ஏழாம் வகுப்பில் என்னிடம் பயின்றான். அச்செய்தி வந்த பின்னர் மாணவர் சிலர் அவனருகில் அமர மறுத்தனர். பெற்றோர் சிலர் நேரில் வந்து முறையிட்டனர். நானும் ஆராயாமல் அவனைக் கடைசிப் பலகையில் தனியே அமரச் செய்தேன். “ஐயா, எங்கள் வீட்டுப் பன்றி ஒன்றுக்கும் காய்ச்சல் இல்லையே!” என்று அவன் சொன்னான். அதற்கு நான் விடை கூறவில்லை. கூறுவதற்கு என்னிடம் விடை இல்லை என்பதே உண்மை. சில நாள்களில் அவன் தந்தையார் பன்றிகளை வந்த விலைக்கு விற்றுவிட்டார். சிறுவனும் சில திங்கள் பள்ளிக்கு வரவில்லை.

அந்நோய் உண்மையில் பன்றியிடமிருந்து வந்ததுதானா? வந்ததாயின் அஃது எவ்வாறு வந்தது? வந்த வழியை அறிஞர் எவ்வாறு கண்டறிந்தனர்? பணி ஓய்வு பெற்ற பின்னர் இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பல நூல்களைப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் இளமையிற் கற்ற ஏட்டுச்சுவடிக் கலைக்கும் இவ்வறிவியலுக்கும் நெருங்கிய உறவு இருத்தலைக் கண்டு வியந்தேன். ஆதலின் அவ்வழியாகவே இதனை உங்களுக்கு விளக்க முற்படுகின்றேன்.

இன்புளுயன்சா எனப்படும் சளிக்காய்ச்சலை உண்டாக்குவது வைரஸ் என்னும் நச்சுயிரி. அதன் நுண்மையைச் சொல்லால் அளப்பது அரிது. பதினாயிரம் நச்சுயிரிகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் ஆகும். அஃது உண்பதில்லை, உறங்குவதில்லை, தானே பெருகவும் அதனால் இயலாது. அதனிடம் உள்ளவை ஓர் உறையும், அவ்வுறைக்குள் தன்னைப் போன்ற மற்றொன்றைச் செய்யும் முறை எழுதப்பட்ட எட்டுத் துண்டுகளுமே. அவற்றை எட்டு ஏடுகள் என்று கொள்வோம். தமிழுக்கு 247 எழுத்துகள் உள்ளன. இந்த ஏடுகளில் எழுதப்பட்டுள்ள மொழிக்கு நான்கே எழுத்துகள். எட்டு ஏடுகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 13,500 எழுத்துகள் இருக்கும். நம் பாடநூலில் அச்சிட்டால் ஏழெட்டுப் பக்கங்களுள் அடங்கிவிடும். உலகையே படுக்கையிற் கிடத்தவல்ல நோய்க்கு இத்துணைச் சிறிய நூலே போதுமானதாக இருக்கின்றது.

உறையின் மேற்புறத்தில் இருவகை முட்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று திறவுகோல் போன்றது. நம் மூச்சுக்குழலின் உட்புறத்தில் உள்ள உயிரணுக்களின் மேல் பூட்டுப் போன்ற அமைப்புகள் உண்டு. அப்பூட்டிற் பொருந்தி, உயிரணுவைத் திறந்து, நச்சுயிரியை உள்ளே செலுத்துவது இம்முள்ளின் தொழில். மற்றொன்று கத்தரிக்கோல் போன்றது. உள்ளே பெருகிய புதிய நச்சுயிரிகள் வெளியேறும்போது, அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை அஃது அறுத்துவிடும். திறவுகோலை ‘எச்’ என்னும் எழுத்தாலும் கத்தரிக்கோலை ‘என்’ என்னும் எழுத்தாலும் அறிஞர் குறிப்பர். எச்1என்1 என்று மருத்துவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதலாம் வகைத் திறவுகோலும் முதலாம் வகைக் கத்தரிக்கோலும் உடைய நச்சுயிரி என்பதே அதன் பொருள்.

உயிரணுவினுள் நுழைந்த நச்சுயிரி தன் எட்டு ஏடுகளையும் அங்கே அவிழ்த்து விடுகின்றது. அவ்வேடுகள் படி எடுக்கப்படுகின்றன. சில மணி நேரத்திற்குள் ஓர் உயிரணுவிலிருந்து ஆயிரக்கணக்கான புதுச் சுவடிகள் வெளிப்படுகின்றன. இவ்விடத்தில்தான் நாம் கருத்தூன்ற வேண்டும்.

பழங்காலத்தில் ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றொருவர் கேட்டு எழுத்தாணியால் எழுதுவார். பழைய ஏடுகளிற் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். கேட்பவர் செவியும் எழுதுபவர் கையும் சிறிது பிசகினாற் போதும், சொல் மாறிவிடும். அம்மாற்றத்தைப் பாடவேறுபாடு என்கின்றோம். நல்ல புலவர் எழுதிய ஏட்டை மூல ஏட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்ப்பார். பிழை கண்டாற் திருத்துவார். நம் உடம்பின் உயிரணுக்கள் தம் மரபுச்செய்தியைப் படி எடுக்கும்போது அவ்வாறு ஒத்துப் பார்க்கும் ஏற்பாடு உண்டு. சளிக்காய்ச்சல் நச்சுயிரிக்கோ அவ்வேற்பாடு இல்லை. அஃது ஒத்துப்பாராத எழுத்தாளன். எனவே, ஒரு சுவடியைப் படி எடுக்குந்தோறும் ஏறத்தாழ ஓர் எழுத்துப் பிழையேனும் விழுந்துவிடுகின்றது.

பெரும்பாலான பிழைகள் பொருளைக் கெடுத்துவிடும். அப்பிழையுற்ற நச்சுயிரி அழிந்தொழியும். சில பிழைகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மிகச் சில பிழைகள் மட்டும் திறவுகோலின் வெளிவடிவைச் சற்றே மாற்றிவிடும். நம் உடம்பு முன்பு கண்ட திறவுகோலை நினைவில் வைத்திருந்து, மறுமுறை கண்டவுடன் தடுக்கும் ஆற்றலுடையது. வடிவு மாறிய திறவுகோலை அஃது அடையாளம் காணாது. ஒருமுறை சளிக்காய்ச்சல் கண்டவருக்கே சில ஆண்டுகளில் மீண்டும் வருதற்குக் காரணம் இதுவே. உலகச் சுகாதார நிறுவனத்தார் ஆண்டுக்கு இருமுறை கூடி, தடுப்பூசியில் எவ்வகை நச்சுயிரிகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதும் இதன் பொருட்டே.

இனி, பிழைகளைக் கொண்டு மரபை அறியும் முறையைப் பார்ப்போம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887 இல் அச்சிட்டார். பல ஊர்களிலிருந்து தொகுத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பின்னரே அவர் அதனைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி நம் தாமிரபரணிக் கரைக்கும் வந்தார். திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளில் ஏடு பார்த்தார். இவ்வாறு பல ஏடுகளை ஒப்பிடுவோர் ஓர் உண்மையை அறிவர். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்பட்டால், அவையிரண்டும் அப்பிழையுடைய ஒரே மூல ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை என்று பெரும்பாலும் துணியலாம். சரியான பாடம் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் உறவு விளங்காது. உறவைக் காட்டிக்கொடுப்பது பிழையே.

நச்சுயிரி ஆராய்வோரும் இதனையே செய்கின்றனர். நோயுற்ற மனிதரிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் பறவையிடமிருந்தும் எடுத்த நச்சுயிரிகளின் எழுத்துகளைக் கருவிகளால் முழுமையாகப் படித்து, வரிசைப்படுத்தி, ஒப்பிடுகின்றனர். எவ்வெவற்றில் ஒரே பிழைகள் காணப்படுகின்றனவோ அவற்றை ஒரு குடும்பமாக்கி, தாய் ஏடு எது, சேய் ஏடு எது என்று கொடிவழி வரைகின்றனர். ஏட்டுச்சுவடி ஆராய்வோர்க்கு இல்லாத வசதி ஒன்றும் இவர்களுக்கு உண்டு. நச்சுயிரி ஏறத்தாழ ஓர் ஒழுங்கான விரைவில் பிழை செய்கின்றது. ஆகவே, இரண்டு படிகளுக்கு இடையே உள்ள பிழைகளை எண்ணி, அவை எத்தனை ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தன என்றும் கணக்கிடலாம்.

எழுத்துப் பிழையினும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கூடங்குளத்து ஆடிக்காற்றை அறிந்தவர்க்கு அதனை விளக்குதல் எளிது. எட்டு ஏடுகள் கொண்ட சுவடிகள் இரண்டினை ஒரே திண்ணையிற் கயிறு அவிழ்த்து வைத்திருக்கின்றீர்கள். காற்று ஓங்கி அடிக்கின்றது. பதினாறு ஏடுகளும் கலந்து சிதறுகின்றன. அவற்றைப் பொறுக்கி, முதல் ஏடு ஒன்று, இரண்டாம் ஏடு ஒன்று என எட்டு எட்டாகக் கட்டினால் என்ன ஆகும்? சில ஏடுகள் ஒரு சுவடியைச் சேர்ந்தனவாகவும், சில ஏடுகள் மற்றொரு சுவடியைச் சேர்ந்தனவாகவும் உள்ள புதுச்சுவடி உண்டாகும். கணக்கிட்டுப் பார்த்தால் 256 வகையாக அவற்றைக் கட்டலாம். இரண்டு நச்சுயிரிகள் ஒரே உயிரணுவினுள் ஒரே வேளையில் நுழைந்துவிட்டால் நிகழ்வதும் இதுவே. எழுத்துப் பிழை சிறிது சிறிதாக மாற்றுவது. ஏட்டுக் கலப்போ ஒரே நாளில் புதியதொரு நச்சுயிரியை உண்டாக்கிவிடுவது.

அக்கலப்பு நிகழ்வதற்கு ஏற்ற திண்ணையாகப் பன்றி அமைந்துவிட்டது. அது பன்றியின் குற்றமன்று, உடலமைப்பு. இந்நச்சுயிரிகளின் பழைமையான இருப்பிடம் நீர்ப்பறவைகளின் குடல். காட்டு வாத்துகளும் அவற்றையொத்த பறவைகளும் பெரும்பாலும் நோயின்றியே அவற்றைத் தாங்கித் திரிகின்றன. பறவையின் உயிரணுக்களில் உள்ள பூட்டு ஒருவகை. மனிதனின் மேல் மூச்சுக்குழலில் மிகுதியாக உள்ள பூட்டு மற்றொரு வகை. ஆதலின் பறவையின் நச்சுயிரி எளிதில் மனிதனைத் தொற்றுவதில்லை. பன்றியின் மூச்சுக்குழலிலோ இருவகைப் பூட்டுகளும் உள்ளன. பறவையின் நச்சுயிரியும் அங்கே நுழையலாம். மனிதனின் நச்சுயிரியும் நுழையலாம். பன்றிக்கே உரியதும் அங்கே இருக்கும்.

நம் மாவட்டத்தில் கூந்தன்குளம் என்னும் ஊர் பறவைகளுக்குப் புகலிடமாக விளங்குவதை அறிவீர்கள். வரித்தலை வாத்து, இமயத்தைக் கடந்து அங்கே வருகின்றது. அவ்வூர் மக்கள் அப்பறவைகளைத் தம் வீட்டு விருந்தினராகவே போற்றுகின்றனர். இங்கே நான் எழுதியதைப் படித்து, அப்பறவைகளைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. பறவை, பன்றி, மனிதன் ஆகிய மூவரும் நெருக்கமாகவும் கூட்டங்கூட்டமாகவும் வாழும் இடங்களில் கண்காணிப்பு வேண்டும் என்பதே கருத்து.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1918 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு கொடிய சளிக்காய்ச்சல் பரவிற்று. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் மாண்டனர் என்பர். நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பன்றிகளும் இருமித் தும்மி வீழ்ந்தன. அரசின் கால்நடை மருத்துவ அலுவலராக இருந்த கோயன் என்பவர், இந்நோய் மனிதரைப் பற்றிய நோயேதான் என்று துணிந்து கூறினார். பன்றி வளர்ப்போர் சினந்தனர். மக்கள் பன்றியிறைச்சி வாங்கமாட்டார்களே என்று அஞ்சினர். பெயரால் வரும் கேடு அன்றே தொடங்கிவிட்டது.

அயோவா மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த ரிச்சர்டு ஷோப் என்னும் மருத்துவர் பின்னர் இதனை ஆராய்ந்தார். நோயுற்ற பன்றியின் மூச்சுக்குழலிலிருந்து எடுத்த நீரை, பாக்டீரியாக்கள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, நலமுள்ள பன்றிகளின் மூக்கிற் செலுத்தினார்; அவற்றுக்கும் நோய் கண்டது. வடிகட்டியையும் கடந்து செல்லும் நச்சுயிரி ஒன்று உண்டு என்பது இதனாற் புலனாயிற்று. 1931 இல் அவர் இதனை வெளியிட்டார். மனிதனைப் பற்றும் சளிக்காய்ச்சல் நச்சுயிரியை இங்கிலாந்து நாட்டு அறிஞர் கண்டறிந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1933 இல். மனித நோயின் மூலத்தை அறியும் வழியை நமக்கு முதலிற் காட்டியது பன்றியே என்று சொல்லலாம்.

அக்காலத்தில் எழுத்துகளைப் படிக்கும் கருவி இல்லை. ஆயினும் அறிஞர் ஒரு நுட்பமான சோதனை செய்தனர். பல வயதினரின் குருதியை எடுத்து, அது பன்றியின் நச்சுயிரியை அடக்குகின்றதா என்று பார்த்தனர். வளர்ந்தவர் பலரின் குருதி அதனை அடக்கிற்று; பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரின் குருதியோ அடக்கவில்லை. வளர்ந்தவர் அனைவரும் பன்றி வளர்த்தவரா? அல்லர். 1918 ஆம் ஆண்டு நோயைக் கண்டவர்கள் அவர்கள். பன்றியிடம் இருந்த நச்சுயிரியும் 1918 ஆம் ஆண்டு மனிதரைப் பற்றிய நச்சுயிரியும் நெருங்கிய உறவுடையவை என்பது இதனால் விளங்கிற்று. அவ்வாண்டில் நோய் மனிதரிடமிருந்துதான் பன்றிக்குச் சென்றிருக்க வேண்டும் என்று அறிஞர் பலரும் கருதுகின்றனர்.

பின்னர் அவ்விரு கிளைகளும் வெவ்வேறு வழியிற் சென்றன. மனிதரிடையே அந்நச்சுயிரி ஆண்டுதோறும் திறவுகோலை மாற்றிக்கொண்டே வந்தது. பன்றிகள் நெடுநாள் வாழ்வதில்லை. வளர்த்த சில திங்களிலேயே விற்கப்பட்டுவிடும். ஆகையால் அவற்றின் உடலில் பழைய நோயின் நினைவு அத்துணை வலிமை பெறுவதில்லை. எனவே, பன்றிகளிடையே திறவுகோல் மிக மெதுவாகவே மாறிற்று. மனிதர் மறந்துவிட்ட பழைய பாடத்தைக் காத்து வைத்த ஏட்டுப்பெட்டியாகப் பன்றி விளங்கியது.

1957 ஆம் ஆண்டு மனிதரிடையே எச்2என்2 என்னும் புதிய நச்சுயிரி தோன்றிற்று. அதன் எட்டு ஏடுகளுள் மூன்று பறவையினுடையவை. ஐந்து பழைய மனித நச்சுயிரியினுடையவை. அவ்வாண்டு மே திங்களில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் அடைந்த கப்பலொன்றின் வழியே அந்நோய் நம் நாட்டினுட் புகுந்தது. குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்து அறிஞர் அதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர். 1968 ஆம் ஆண்டு மீண்டும் இரண்டு ஏடுகள் பறவையிடமிருந்து வந்து சேர, எச்3என்2 உண்டாயிற்று. அதன் கிளைகள் இன்றும் மனிதரிடையே உலவுகின்றன.

1979 இல் ஐரோப்பாவில், பெல்ஜியம் முதலிய நாடுகளில், பறவையின் நச்சுயிரி ஒன்று முழுமையாகவே பன்றிகளுக்குள் புகுந்து நிலைத்தது. 1998 இல் அமெரிக்காவின் பன்றிப் பண்ணைகளில் மும்மரபுக் கலப்பு ஒன்று காணப்பட்டது. 1918 ஆம் ஆண்டு முதல் பன்றியிடம் இருந்து வந்த பழைய ஏடுகள் சில, பறவையின் ஏடுகள் இரண்டு, மனிதனின் எச்3என்2 ஏடுகள் சில ஆகியவை ஒரே சுவடியாகக் கட்டப்பட்டிருந்தன. ஐரோப்பியப் பன்றிகளின் கிளையும் அமெரிக்கப் பன்றிகளின் கிளையும் நெடுந்தொலைவில் தனித்தனியே வாழ்ந்தன. பன்றி தானே கடல் கடப்பதில்லை. உயர்ந்த இனப் பன்றிகளை ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்கு உயிரோடு கொண்டு செல்பவர் வணிகரே.

2009 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மெக்சிகோ நாட்டிலும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் புதிய காய்ச்சல் கண்டவர்களின் நச்சுயிரியை அறிஞர் படித்தபோது திகைத்தனர். அதன் எட்டு ஏடுகளின் பிறப்பிடங்கள் பின்வருமாறு அமைந்திருந்தன. திறவுகோல் ஏட்டோடு சேர்ந்த மூன்று, அமெரிக்கப் பன்றிகளிடம் 1918 முதல் இருந்து வந்தவை. கத்தரிக்கோல் ஏட்டோடு சேர்ந்த இரண்டு, ஐரோப்பியப் பன்றிகளின் கிளையைச் சேர்ந்தவை. இரண்டு, வட அமெரிக்கப் பறவைகளிடமிருந்து 1998 ஆம் ஆண்டளவில் பன்றிகளை அடைந்தவை. எஞ்சிய ஒன்று மனிதனுடையது. அதுவும் 1968 இல் பறவையிடமிருந்து மனிதன் பெற்ற ஏடே! மனிதன் பறவையிடம் வாங்கியதைப் பன்றிக்குக் கொடுத்து, பன்றியிடமிருந்து மீண்டும் தானே பெற்றுக்கொண்டான்.

எழுத்துப் பிழைகளை எண்ணிப் பார்த்தபோது மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. இவ்வேடுகளின் நேர் மூதாதைகள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ பன்றிகளிடையே இருந்திருத்தல் வேண்டும். ஆயினும் அவ்விடைக்காலத்து ஏடு ஒன்றும் ஒருவர் கையிலும் இல்லை. அப்பன்றிகளை யாரும் சோதித்திலர். நடுவே பல ஏடுகள் தொலைந்த சுவடியைப் போல, அக்கொடிவழி நெடுகிலும் வெற்றிடமாகக் கிடந்தது. பின்னர் மெக்சிகோவின் நடுமேற்குப் பகுதிப் பண்ணைகளிலிருந்து பன்றிகளின் நச்சுயிரிகளைத் திரட்டிப் படித்த அறிஞர், புதிய நச்சுயிரியின் பிறப்பிடம் அதுவே என்று 2016 இல் வெளியிட்டனர்.

அந்நோய் முதியோரை விட்டு இளையோரை மிகுதியாகத் தாக்கியது ஏன் என்பதும் இப்போது உங்களுக்கு விளங்கும். 1957 க்கு முன்னர்ப் பிறந்தவர் பலர், தம் இளமையில் இத்திறவுகோலின் உறவினை ஒருமுறை கண்டிருந்தனர். அவர் உடல் அதனை மறக்கவில்லை. பெட்டியிற் கிடந்த பழைய பாடம் மீண்டும் வெளிவந்தபோது, அதனைப் படித்திருந்தவர் பாட்டனாரும் பாட்டியாருமே.

நம் நாட்டில் அவ்வாண்டு மே திங்களில், அமெரிக்காவிலிருந்து ஐதராபாத்துக்கு வானூர்தியில் வந்த பயணி ஒருவரிடம் அந்நோய் முதலிற் கண்டறியப்பட்டது. பன்றியின் வழியாக அன்று. மனிதரின் வழியாகவே அது நம்மிடம் வந்தது. இதனை நன்கு நோக்குக. பன்றியிடமிருந்து மனிதனுக்குத் தாவிய நிகழ்ச்சி எங்கோ மெக்சிகோவில், நோய் வெளிப்படுவதற்குச் சில திங்களுக்கு முன்னரே முடிந்துவிட்டது. அதன் பின்னர் உலகெங்கும் பரவியது ஒருவர் தும்ம மற்றவர் ஏற்றதனாலேயே. சமைத்த பன்றியிறைச்சியால் இந்நோய் வருவதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் அவ்வாண்டு ஏப்ரல் இறுதியிலேயே ‘பன்றிக் காய்ச்சல்’ என்னும் பெயரைக் கைவிட்டு, எச்1என்1 என்றே குறிக்கலாயிற்று. நம் செய்தித்தாள்களுக்கு அது எட்டவில்லை போலும். இன்றும் அப்பழைய பெயரே வழங்குகின்றது.

எகிப்து நாட்டு அரசு அவ்வேப்ரல் திங்களில், தன் நாட்டிலுள்ள பன்றிகள் அனைத்தையும் கொல்லுமாறு ஆணையிட்டது. அவை ஏறத்தாழ 3 இலட்சம் என்பர். அப்போது அந்நாட்டில் ஒருவருக்கும் அந்நோய் இல்லை. கெய்ரோ நகரத்துக் குப்பையை வாரி, அதிலுள்ள உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு இட்டு வாழ்ந்த ஏழை மக்கள் பிழைப்பிழந்தனர். அந்நகரத் தெருக்களிற் குப்பை மலைபோற் குவிந்தது. நோயோ சில திங்களில் மனிதர் வழியாக அங்கும் வந்து சேர்ந்தது. உடைமரக்காட்டு ஓரத்தில் நடந்ததும் இதுவேயன்றோ என்று இதனைப் படித்தபோது என் நெஞ்சம் குத்திற்று.

பன்றிகளின் நச்சுயிரிகளை அதன்பின் உலகெங்கும் முன்னினும் கருத்தாகச் சேகரித்துப் படித்தனர். அவ்வாறு படித்ததில், 2009 முதல் 2011 வரை அப்புதிய நச்சுயிரி மனிதரிடமிருந்து பன்றிகளுக்குக் குறைந்தது 49 தடவை தாவியிருத்தல் தெரியவந்தது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்து, மனிதரிடையே நிலைத்துப் பரவியதோ ஒரே தடவை. கொடிவழியை வரைந்து பார்த்தால், நாம் அவற்றுக்குக் கொடுப்பதே பெரும்பான்மை. அவை நமக்குக் கொடுப்பது சிறுபான்மை. நாம் கொடுத்த ஏடுகள் அங்கே பழைய ஏடுகளோடு கலந்து மேலும் புதுச்சுவடிகள் ஆகின்றன. பண்ணைத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலோடு கொட்டிலுக்குட் செல்வது சிறு செயலாகத் தோன்றும். திண்ணையில் மற்றுமொரு சுவடியை அவிழ்த்து வைப்பது அதுவே.

இதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க வேறொரு நோயும் உண்டு, அதனையும் சொல்லிவிடுகின்றேன். ‘ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்’ என்பது 2020 இல் அசாமிலும், 2022 இல் கேரளத்து வயநாட்டிலும் பன்றிகளை அழித்தது. 2023 சனவரியில் நம் முதுமலைக் காட்டிலும் காட்டுப் பன்றிகள் பல அதனால் மடிந்தன. பெயர் ஒத்திருப்பினும் இஃது முற்றிலும் வேறான நச்சுயிரி. இதன் சுவடி பன்மடங்கு பெரிது. எழுத்துப் பிழையும் மிகக் குறைவு. மனிதரை இது தொற்றுவதே இல்லை. பன்றிகளுக்கோ இதனினும் கொடிய கூற்றுவன் இல்லை. பன்றி வளர்ப்போரின் வாழ்வாதாரத்தையே இது பறித்துவிடுகின்றது.

2009 ஆம் ஆண்டு நச்சுயிரி மனிதரை விட்டு நீங்கவில்லை. அதற்கு முன்னர் உலவிய எச்1என்1 கிளையை ஒழித்து, அதன் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டது. 2015 இல் நம் நாட்டில் 42,000க்கு மேற்பட்டோரைப் பற்றி, 2,990 பேரின் உயிரைக் கவர்ந்தது. இப்போது ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வரும் சளிக்காய்ச்சல்களுள் அதுவும் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதன் எழுத்துகள் சில மாறிக்கொண்டே வருகின்றன.

அச்சிறுவன் இப்போது வளர்ந்து குடும்பத்தலைவனாகிவிட்டான். தந்தையார் விட்ட தொழிலை மீண்டும் எடுத்து, அதே உடைமரங்களின் அருகில் இருபது வெண்பன்றிகள் வளர்க்கின்றான். சென்ற ஐப்பசியில் அவனைக் காணச் சென்றேன். நெடுநாளாகச் சொல்ல நினைத்திருந்ததை அன்று சொல்லிவிடுவது என்பது என் எண்ணம். அவன் கொட்டிலுக்கு வெளியே, வேலிக்கு அப்பால், துண்டால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே அவன் மனைவி தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் தம்பி, வெளியே நிற்கின்றாய்?” என்று கேட்டேன்.

“இரண்டு நாளாகச் சளியும் காய்ச்சலும், ஐயா. நீங்களும் சற்றுத் தள்ளியே நில்லுங்கள். கால்நடை மருத்துவர், இந்நிலையில் உள்ளே போகக்கூடாது என்று சொல்லியிருக்கின்றார். நம்மிடமிருந்து அவற்றுக்குப் போய்விடுமாம்” என்றான்.